குருவிகளுக்கு வாசித்தவர்

தஞ்சாவூர் கரந்தையில் கிடார் வாத்தியார் சந்தானகிருஷ்ணனிடம் சேர வருகிறவர்கள் முதல் நாள் இரண்டு பொருள் கொண்டுவர வேண்டும். ஒன்று கிடார். இன்னொன்று ஒரு படி நொய்யரிசி. கிடார் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாத்தியாரிடம் பழையது ஒன்று உபரியாகக் கிடக்கிறது. நொய் இல்லாமல் வந்தால் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் அய்யாவு, நாற்பது வயதுக்கு மேல் கிடார் ஆசை வந்து சேர்ந்தவர். நொய் என்றதும் ஏதோ பூஜைக்குப் பாயசம் வைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று வெல்லமும் சேர்த்து வாங்கி வந்தார். வாத்தியார் வெல்லத்தை வீட்டுக்குள் கொடுத்துவிட்டு, நொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். ஒரு கைப்பிடி அள்ளித் தரையில் இறைத்தார். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அய்யாவுவை உட்கார வைத்தார். சற்று நேரத்தில் சிட்டுக்குருவிகள் வந்து இறங்கின.

"இப்ப வாசிங்க" என்றார்.

அய்யாவு ஒரு தந்தியைத் தட்டினார். மாடியில் ஒரு குருவி இல்லை.

"பார்த்தீங்களா. குருவி எழுந்திருக்காம என்னைக்கு ஒரு பாட்டு வாசிச்சு முடிக்கிறீங்களோ, அன்னைக்குத்தான் அடுத்த பாட்டு."

"சார், நான் டிரான்ஸ்பார்மர் மேல ஏறி வேலை பாக்கிற ஆளு. போயும் போயும் குருவிகிட்ட பாஸ் வாங்கணுமா?"

"மனுஷன் மரியாதைக்கு உக்காந்திருப்பான் அய்யாவு. உங்க வீட்டம்மா உங்க முகத்துக்காக உக்காந்திருப்பாங்க. குருவிக்கு உங்ககிட்ட என்ன தாட்சண்யம்? எழுந்து போக முடிஞ்சவங்க முன்னாடி வாசிச்சுப் பழகணும். அதுதான் பயிற்சி. மத்ததெல்லாம் விரலுக்கு எக்ஸர்சைஸ்."

கரந்தையில் இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்கிறார்கள். குருவிக்குத் தீனி போட நூதனமாக வழி கண்டுபிடித்திருக்கிறார் என்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். இந்தக் குருவிப் பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஏழு ஏக்கர், நஞ்சை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றங்கரையில் அத்திக்குடி என்று ஒரு ஊர். அங்கே சாமா அய்யர் என்று ஒரு மிராசுதார் இருந்தார். மிராசு என்பது பேச்சுக்குத்தான். தாத்தா காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் இருந்த நிலம் பாகப்பிரிவினையிலும் கல்யாணங்களிலும் கோர்ட்டிலும் கரைந்து, கடைசியில் வடக்குப் பங்கு என்ற ஒரு வேலிதான் மிச்சம். அதையும் அவர் உழுதது கிடையாது. மாரியப்பன் என்பவர் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். சாமா அய்யர் அறுவடையன்று குடை பிடித்துக்கொண்டு களத்துக்குப் போவார், நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்ப்பார், பதர் அதிகம் என்று சொல்வார், திரும்பிவிடுவார். விவசாயத்தில் அவருடைய பங்கு இந்த ஊதல்தான்.

அவருடைய ஒரே பிள்ளைதான் நம் சந்தானம். பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டபடி இருந்த சந்தானத்துக்கு கிடார் வந்து ஒட்டிக்கொண்டது ரயிலடியில். நாகூர் பாசஞ்சரில் கார்டாக வந்த ஜெக்கரியா, வண்டி நீடாமங்கலத்தில் நின்று இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், கார்டு வேனில் உட்கார்ந்து கிடார் வாசிப்பார். மாமா வீட்டுக்குப் போக டிக்கெட் வாங்கியிருந்த சந்தானம் அதைக் கேட்டு வண்டியில் ஏற மறந்து நின்றுவிட்டான். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாள் அவராகவே, "ஏன் தம்பி, தினம் வந்து நிக்கிறீங்க, மேல ஏறுங்க" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் பாடம். ஒரு தண்ணீர் பிடிப்புக்கு ஒரு பாட்டு. ஜெக்கரியா பொறுமைசாலி. "வேகம் வேணாம் தம்பி. மெதுவா வாசிச்சா தப்பு தெரியும். வேகமா வாசிச்சா தப்பு ஒளிஞ்சுக்கும். வராத இடத்தை முதல்ல வாசிங்க, வர்ற இடத்தை நாய் கூட வாசிக்கும்" என்பார். விரல் நுனி கன்றிப்போய் சந்தானம் காட்டினால், "நல்ல சகுனம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கோளாறு. எந்தப் பாட்டும் முடிவதற்குள் இன்ஜின் ஊதிவிடும். ஜெக்கரியா பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார், சந்தானம் குதித்து இறங்கிவிடுவான். மறுநாள் வேறு பாட்டு. இதனால் சந்தானத்துக்கு நிறையப் பாட்டுகளின் ஆரம்பம் தெரியும். முடிவு ஒன்றுகூடத் தெரியாது. அதிலும் ஒரு மாதா கோயில் பாட்டு உண்டு. மிக அழகாக ஏறிக்கொண்டே போகும். உச்சிக்குப் போகிற இடத்தில் வண்டி கிளம்பிவிடும். அது இறங்குகிறதா, அங்கேயே நின்றுவிடுகிறதா என்று கேட்பதற்குள் ஜெக்கரியாவை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது தன் பழைய கிடாரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிடார் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கமும் வந்தது. சந்தானம் வாசிக்க உட்கார்ந்தால் சாமா அய்யர் எழுந்துவிடுவார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் பேப்பரோடு எழுவார். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், ரசம் சாதத்தோடு, இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

"வயத்தைப் பிசையறதுடா இந்த வாத்தியம்" என்றார் திரும்பி வந்து. "வாசிக்கணும்னா வயலுக்குப் போய் வாசி."

சந்தானம் நிஜமாகவே வயலுக்குப் போனான். வடக்குப் பங்கின் வரப்பில் ஒரு நுணா மரம் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து காலையிலும் சாயங்காலமும் வாசித்தான். அது சம்பா கதிர் பால் பிடிக்கும் சமயம். குருவிகள் மேகம் மேகமாக இறங்கும் சமயமும் அதுதான். சந்தானம் கிடாரைத் தொட்டதும் பங்கு முழுவதும் இருந்த குருவிகள் ஒரே வீச்சில் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன.

மாரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாகத் தகரம் தட்ட ஆள் வைக்க வேண்டும்.

"தம்பி, கோயில் கட்டிக் கும்பிடலாம் உங்களை. நாளைக்கு வடக்கு மூலையில உக்காந்து வாசிங்க, அங்கதான் மொய்க்குது" என்றார். அவருடைய மனைவி மலர்கொடி தினமும் மோர் கொடுத்தனுப்பினாள்.

சந்தானத்துக்கு இது அவமானம்தான். ஆனால் வாசிக்க இடம் கிடைத்ததே என்று வாசித்தான். ஜெக்கரியா சொன்னபடி மெதுவாக வாசித்தான், வராத இடத்தை முதலில் வாசித்தான். ஒரு போகம் போய் இன்னொரு போகம் வந்தது. ஒரு நாள் மாரியப்பன் மண்வெட்டியோடு வந்து எதிரே நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. வர வர உங்க வாசிப்பு கெட்டுப்போச்சு. ஒரு குருவிகூட எந்திரிக்க மாட்டேங்குது. நேத்து ஒண்ணு உங்க கால்கிட்ட உக்காந்து கதிரைக் கொத்துது. நீங்க பாட்டுக்கு வாசிக்கிறீங்க."

சந்தானம் அன்று வீட்டுக்கு வரப்பு வரப்பாகத் தாண்டிக்கொண்டு வந்தான். அவன் வாழ்நாளில் கேட்ட முதல் பாராட்டு அது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார்.

மாரியப்பன் அதற்குப் பிறகு பழையபடி தகரத்துக்கு ஆள் வைத்துக்கொண்டார். ஆனாலும் மோர் நிற்கவில்லை.

இதற்கிடையில் நாடு மாறிக்கொண்டிருந்தது. ஆட்சி மாறிச் சில வருஷமாகியிருந்தது. டீக்கடைக்கு டீக்கடை கொடிக்கம்பம் முளைத்தது. கூலிக்காகவும் குத்தகைக்காகவும் ஊருக்கு ஊர் தகராறு. மாரியப்பன் சங்கத்தில் சேர்ந்தார். அதுவரை சாமா அய்யரை 'சாமி' என்று கூப்பிட்டவர், சேர்ந்த அன்று 'அய்யரே' என்றார், முதல் மாநாட்டுக்குப் போய் வந்ததும் 'மிஸ்டர் சாமா அய்யர்' என்றார். கடைசியில் குத்தகைதாரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவரை அசைக்க முடியாது. நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் போய்விடலாம் என்று நினைத்திருந்த சாமா அய்யர் பேனாவைத் தேடி எடுத்தார்.

ஆட்சேபம் எழுத உட்கார்ந்தார். மாரியப்பன் குத்தகைதாரரே அல்ல, கூலிக்கு வருகிறவர். நாங்களேதான் சாகுபடி செய்கிறோம். இதை எழுதிவிட்டு, சாகுபடியில் தாங்கள் செய்யும் உடலுழைப்பு என்ன என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஊதிப் பார்ப்பதை உழைப்பு என்று எழுத அவருக்கே கூச்சமாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு வருஷமாகப் பையன் தினம் அந்த வயலில் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்திருக்கிறது. 'பயிர்க் காவலை என் குமாரன் சந்தானகிருஷ்ணன் நேரில் இருந்து, வாத்தியம் வாசித்துக் குருவி ஓட்டிச் செய்துவருகிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு வந்த துணை தாசில்தார் ஹாஜா மைதீன் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தாலுகாவில் அவர் கேட்காத புளுகு இல்லை. இது புதிது.

மாரியப்பன் எழுந்து நின்றார். "காவலா? சார், நான் ஒண்ணு சொல்றேன். அந்தத் தம்பியை வயல்ல வாசிக்கச் சொல்லுங்க. குருவி பறந்துச்சுன்னா நான் குத்தகை வேணாம்னு அப்பவே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். பறக்கலைன்னா எம்பேரை எழுதுங்க."

சாமா அய்யருக்கு வாயெல்லாம் பல். பையன் வாசித்தால் தாமே எழுந்து ஓடும்போது குருவி எம்மாத்திரம். "பேஷா" என்றார்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிறீங்க. நல்லது. குருவி என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம்" என்று ஹாஜா மைதீன் மறுநாள் காலைக்கு ஸ்தல விசாரணை வைத்தார்.

அன்று சாயங்காலம் சாமா அய்யர் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ எப்பவும் வாசிக்கற மாதிரி வாசி. போறும்."

சந்தானத்துக்குச் சுருக்கென்றது. "அப்பா, இப்போல்லாம் குருவி..." என்று ஆரம்பித்தான்.

"அவன் இப்போ நன்னா வாசிக்கறானோ என்னவோ, யார் கண்டா" என்றாள் அம்மா பாகீரதி, அடுக்களையிலிருந்து.

சாமா அய்யர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சந்தானம் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். நிலம் போனால் இந்தக் குடும்பத்துக்குப் பிடிமானம் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். கண்றாவியாக வாசித்தே தீருவது என்று முடிவு செய்து, மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பயிற்சி செய்தான். அது லேசில் வரவில்லை. விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. இரண்டு வருஷம் பாடுபட்டுக் கற்றதை ஒரு சாயங்காலத்தில் மறப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாவம் அன்றுதான் தெரிந்துகொண்டான். கடைசியில் பசுமாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அளவு போதும் என்று எழுந்துவந்தான்.

தை மாதக் காலை. கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தது. வடக்குப் பங்கின் வரப்பில் ஹாஜா மைதீனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வரப்பு குறுகல், நாற்காலியின் ஒரு கால் சேற்றில் இருந்ததால் அவர் சற்றுச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சங்கத்து ஆட்கள் கொடியோடு. இன்னொரு பக்கம் அக்கம்பக்கத்து மிராசுதார்கள் குடையோடு. நடுவில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர். அறுவடைக்கு வந்த பெண்கள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார்கள். தகரக்காரனை அன்று வர வேண்டாமென்று சொல்லியிருந்ததால் வயல் கொள்ளாத குருவி.

சந்தானம் நுணா மரத்தடியில் உட்கார்ந்து கிடாரை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு, பசுமாட்டை நினைத்துக்கொண்டு, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். முன் வரிசைக் குருவிகள் குபீரென்று எழுந்தன. சாமா அய்யர் பக்கத்துக் குடையைத் திரும்பிப் பார்த்தார். சங்கத்து ஆட்கள் மாரியப்பனைப் பார்த்தார்கள். மாரியப்பன் தரையைப் பார்த்தார்.

அப்போது மதகிலிருந்து மலர்கொடி குரல் கொடுத்தாள்.

"என்ன தம்பி, தகரம் தட்டுற மாதிரி இருக்கு? தினம் ஒண்ணு வாசிப்பீங்களே, மேல மேல ஏறிப் போகுமே, அதை வாசிங்க. இவ்வளவு சனம் வந்திருக்கில்ல."

சந்தானம் கண்ணைத் திறந்தான். உண்மைதான். இவ்வளவு சனம் வந்திருந்தது. எல்லாரும் அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு இதுவரை சபை என்று ஒன்று அமைந்ததில்லை. ரயிலடியில் ஜெக்கரியா, வீட்டில் அப்பாவின் முதுகு, அவ்வளவுதான் அவன் கண்டது. முதல் கச்சேரி. அதில் போய்ப் பசுமாடு முகம் திருப்பிக்கொண்டதையா வாசிப்பது?

அவன் நிலத்தை நினைத்துப் பார்த்தான். அப்பாவை நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் நன்றாகவே நினைத்துப் பார்த்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விரல் கேட்கவில்லை. மாதா கோயில் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

மெதுவாக வாசித்தான். எழுந்து போன குருவிகள் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கின. போலீஸ்காரர் லத்தியால் தன் பூட்ஸில் தாளம் போட ஆரம்பித்தார். ஹாஜா மைதீனின் தலை ஆடியது, தலையோடு நாற்காலியும் ஆடியது. ஒரு குருவி பறந்து வந்து சாமா அய்யரின் குடைமேல் உட்கார்ந்தது. அவர் குடையை ஆட்டிப் பார்த்தார். அது நகரவில்லை.

பாட்டு ஏறி ஏறி, வழக்கமாக இன்ஜின் ஊதும் இடத்துக்கு வந்துவிட்டது. பழக்க தோஷம், சந்தானத்தின் கை நின்றது. தலையைத் தூக்கி ரயில் பாதைப் பக்கம் பார்த்தான். வண்டி எதுவும் இல்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று அவனாகவே ஒரு படி மேலே போனான், அங்கே சற்று நின்றான், பிறகு ஒவ்வொன்றாக இறங்கி, ஆரம்பித்த இடத்தில் கொண்டுவந்து விட்டான். அவன் முடித்த முதல் பாட்டு அது. வயலில் ஒரு குருவி அசையவில்லை.

"இன்னொண்ணு வாசிங்க தம்பி" என்றாள் மலர்கொடி.

"ஆமா, இன்னொண்ணு..." என்று ஆரம்பித்த ஹாஜா மைதீன், தான் யாரென்று ஞாபகம் வந்து இருமினார். மடியில் இருந்த காகிதத்தில், 'ஆட்சேபதாரர் குமாரனின் வாத்தியத்தால் பறவைகளுக்கு எவ்வித இடைஞ்சலும் ஏற்படவில்லை என்பது நேரில் காணப்பட்டது' என்று எழுதி, அடியில் மாரியப்பன் பெயரை எழுதினார்.

சங்கத்து ஆட்கள் கொடியை ஆட்டினார்கள். அப்போதுதான் குருவிகள் பறந்தன. சாமா அய்யர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மாரியப்பன் வந்து சந்தானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மரத்தடி உங்களுதுதான் தம்பி, எப்ப வேணா வாங்க" என்றார்.

சந்தானம் பொழுது சாயும்வரை வீட்டுக்குப் போகவில்லை. பயம்தான். போனபோது அப்பா கூடத்து ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். சந்தானம் தூணோரமாக நின்றான். பாகீரதி அடுக்களை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டா" என்றார் சாமா அய்யர். "இவ்வளவு நன்னா வாசிப்பேன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா? நான் வேற ஏதாவது பொய் எழுதியிருப்பேனே."

சந்தானம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"அது எப்படி முடிஞ்சுது? நான் குருவியைப் பாத்துண்டே இருந்துட்டேன், கடைசியைச் சரியாக் கேக்கலை. வாசி."

சந்தானம் கிடாரை மடியில் வைத்து மெதுவாக ஆரம்பித்தான். பாட்டு பாதி தூரம் ஏறியிருக்கும். கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்துவிட்டார். சந்தானத்தின் கை தானாக நின்றது.

"ஏன் நிறுத்தறே?" என்றார் சாமா அய்யர். "லைட்டைப் போடத்தான் எழுந்தேன். நீ வாசி."